முன் சக்கரம் இழுக்கவில்லையா? பிரிப்பதற்கு முன் சாக்பீஸை எடுங்கள்!

ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரில் முன் சக்கரம் இழுப்பதை நிறுத்திவிட்டால், பலரும் முதலில் கேட்கும் வார்த்தை 'கிரவுன் பினியன்'. கேட்டதுமே விவசாயிக்கு வயிறு கலங்கும். அடுத்து இரண்டே வழிதான் கண்ணில் படும். ஒன்று, கடனை வாங்கி வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவது. இன்னொன்று, காசை மிச்சம் பிடிக்கலாம் என்று தானே ஸ்பேனரை எடுத்து ஆக்சிலைப் பிரிப்பது. இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய, காலணா செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பதுதான் அது. ஒரத்தநாடு பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம் குறுவை நேரத்தில் இதைச் செய்து பார்த்த கதையைத் தெரிந்துகொண்டால், மற்றவர்களுக்கும் பயன்படும்.

நாற்று காத்திருக்காது

அந்தக் குடும்பத்துக்கு 4 ஏக்கர் சொந்த நிலம், 3 ஏக்கர் குத்தகை. 45 குதிரைத்திறன் ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி, சொந்த உழவு போக வாடகைக்கும் ஓட்டி வந்தார் அந்த விவசாயி. மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ம் தேதி திறந்த வருடம் அது. போர் தண்ணீரில் விட்ட நாற்று 22 நாள் வயதில் நின்றது. புது ஆற்றில் தண்ணீர் வந்து சேற்றுழவு தொடங்கிய இரண்டாவது நாள், வண்டி நடு வயலில் பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே குழி பறித்தது. லிவர் ஃபோர் வீலில்தான் கிடந்தது. முன் சக்கரம் மட்டும் சும்மா நின்றது.

பக்கத்து ஊர் வண்டியை வைத்து இழுத்து மேட்டில் ஏற்றினார்கள். டவுன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒருவர் வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கிரவுன் பினியன் போயிருக்கும். ஆக்சிலை இறக்கணும். 55 ஆயிரம் ரெடி பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாக்கி போட்டுப் பார்க்கவில்லை. ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை.

வீட்டில் பணம் இருந்தது. ஆனால், அது மகளின் கல்லூரிக்கு அடுத்த மாதம் கட்ட வேண்டிய பணம். நகை ஏற்கெனவே பயிர்ச் செலவுக்காகக் கூட்டுறவு வங்கியில் இருந்தது. அன்று ராத்திரி செல்போனில் நாலைந்து வீடியோவைப் பார்த்துவிட்டு, "காலையில நானே ஆக்சிலைப் பிரிச்சிடுறேன்" என்றார் அவர்.

"ஏங்க, எங்க போயிருக்குன்னே தெரியாம எதைப் பிரிக்கப் போறீங்க?" என்றார் மனைவி. "பத்து நாளா இடது பக்கச் சக்கரத்துக்குக் கீழ எண்ணெய்க் கறை வேற இருக்கு. வாசல் கூட்டுற எனக்குத்தான் தெரியும். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க."

சித்தப்பா என்றது, பஸ் டெப்போவில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவரை. மறுநாள் காலையில் அவர் வந்தார். கையில் ஸ்பேனர் இல்லை. "பேரப்புள்ளைக்கிட்ட ஒரு சாக்பீஸ் வாங்கிட்டு வா" என்றார்.

முன் சக்கரத்துக்கு விசை போகும் வழி

சாக்பீஸ் எதற்கு என்று புரிய, இன்ஜின் விசை முன் சக்கரத்துக்குப் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கியர் பாக்ஸின் அடியிலோ, பக்கத்திலோ ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதை டிராப் பாக்ஸ் என்பார்கள். ஃபோர் வீல் லிவரைப் போட்டதும், அதற்குள் இருக்கும் பல் சக்கரம் நகர்ந்து சேர்ந்துகொள்ளும். அங்கிருந்து ஒரு நீளமான ஷாஃப்ட், டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் முன் ஆக்சில் வரை போகும். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்பக்கம் பல் வெட்டிய கப்ளிங் ஸ்லீவ் இருக்கும். சில மாடல்களில் அதற்குப் பதிலாக யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். முன் ஆக்சிலுக்குள் பினியன், கிரவுன், டிஃபரன்ஷியல். அங்கிருந்து இரண்டு பக்க ஹப் வழியாகச் சக்கரத்துக்கு விசை போகும்.

லிவர், டிராப் பாக்ஸ், பின் கப்ளிங், ஷாஃப்ட், முன் கப்ளிங், ஆக்சில், ஹப் என்ற இந்த வரிசையில் எந்த இடத்தில் அறுந்தாலும் முன் சக்கரம் நின்றுவிடும். ஆனால், செலவு ஒன்றல்ல. லிவர் ராடில் ஒரு பின் விழுந்திருந்தால் சில்லறைக் காசு. கிரவுன் பினியன் என்றால் பல ஆயிரம். அறிகுறி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஜாக்கி போடுவதற்கு முன்

பெரியவர் முதலில் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முன் சக்கரம் தூக்கி நிற்கும்போது, ஃபோர் வீல் போட்டபடி யாராவது இன்ஜினைத் திருப்பிவிட்டால் வண்டி பாய்ந்து கீழே விழும். சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தினார்கள். ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்தார்கள்.

அடுத்தது பலரும் மறப்பது. டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரு பின்னில் ஊஞ்சல் மாதிரி ஆடக்கூடியது. அப்படியே ஜாக்கி போட்டால், வண்டியின் உடல் ஒரு பக்கமாகச் சாயும். ஆக்சிலுக்கும் அதன் மேலிருக்கும் தாங்கிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மரத்தில் ஆப்பு வைத்து இறுக்கிய பிறகுதான் ஜாக்கி போட வேண்டும். இரண்டு சக்கரமும் தரையை விட்டுக் கிளம்பியதும், ஆக்சிலின் இரண்டு பக்கமும் கனமான கட்டைகளைக் கொடுத்து, வண்டியின் பாரத்தை அதன் மேல் இறக்கினார்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. கட்டை வைப்பதற்கு முன்பே எட்டிப் பார்க்க, அக்கா மகன் அடியில் தலையை நீட்டினான். "டேய், வெளியில வாடா! ஜாக்கி இறங்குனா உன் மாமனுக்கு 55 ஆயிரம் பத்தாது" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

மூன்று கோடு சொன்ன பதில்

ஷாஃப்ட்டை மூடியிருந்த குழாய்க் கவரைக் கழற்றினார்கள். சாக்பீஸால் மூன்று கோடு போட்டார் பெரியவர். ஒன்று, முன் ஆக்சிலுக்குள் நுழையும் தண்டில். இரண்டு, ஷாஃப்ட்டின் நடுவில். மூன்று, டிராப் பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டில்.

வண்டியை லோ கியரில் போட்டு, ஃபோர் வீல் லிவரையும் போட்டார்கள். லிவர் போட்டதும் உள்ளே பல் சரியாகச் சேராமல் முட்டிக்கொண்டு நிற்கலாம். முன் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டினால் சேர்ந்துவிடும். அப்புறம் இடது சக்கரத்தை அக்கா மகன் அசையாமல் பிடித்துக்கொள்ள, வலது சக்கரத்தை விவசாயி சுற்றினார். ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொள்வது முக்கியம். பிடிக்காவிட்டால், வண்டி நன்றாக இருந்தாலும் டிஃபரன்ஷியலால் ஒரு சக்கரம் முன்னும் மறு சக்கரம் பின்னுமாகச் சுற்றும். அதைப் பார்த்துக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தால், இந்த நிலையில் வலது சக்கரம் லேசான ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும். அவர்கள் வண்டியில் அது சுலபமாகச் சுற்றியது. கோடுகளைப் பார்த்தார்கள். ஆக்சில் தண்டில் போட்ட கோடு சுற்றியது. ஷாஃப்ட் கோடும் சுற்றியது. டிராப் பாக்ஸ் தண்டின் கோடு அசையவே இல்லை.

"பார்த்துக்க தம்பி. கிரவுனும் பினியனும் நல்லா இருக்கறதாலதான் நீ சுத்துன சுத்து ஷாஃப்ட் வரைக்கும் வந்திருக்கு. பின்னாடி கப்ளிங்தான் போயிருக்கு" என்றார் பெரியவர்.

சர்க்லிப்பைக் கழற்றி ஸ்லீவைப் பின்னுக்குத் தள்ளியதும் கதை தெரிந்துவிட்டது. உள்பல் எல்லாம் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. ஷாஃப்ட்டின் பல்லும் மழுங்கியிருந்தது. டிராப் பாக்ஸ் தண்டின் பல் மட்டும் ஓரம் பிசிறாமல், கெட்டியாக இருந்தது. அதுவும் மழுங்கியிருந்தால் டிராப் பாக்ஸைத் திறக்க வேண்டியிருக்கும், செலவும் கூடியிருக்கும்.

இதே சோதனையில் வேறு விதமான பதிலும் வரலாம்:

* சக்கரம் சுற்றுகிறது, மூன்று கோடும் அசையவில்லை என்றால், கோளாறு ஆக்சிலுக்குள்ளோ ஹப்பிலோ இருக்கிறது. இது ஒர்க்‌ஷாப் வேலை.
* ஆக்சில் தண்டின் கோடு மட்டும் சுற்றுகிறது என்றால், முன் கப்ளிங் போயிருக்கிறது.
* மூன்று கோடும் சுற்றுகின்றன என்றால், லிவர் போட்டும் டிராப் பாக்ஸில் பல் சேரவில்லை. முதலில் வெளியே இருக்கும் ராடு, கேபிள், பின் ஆகியவற்றைப் பாருங்கள். ராடு வளைந்திருந்தாலோ, பின் விழுந்திருந்தாலோ லிவர் முழுத் தூரம் நகராது. வெளியில் எல்லாம் சரி என்றால்தான் உள்ளே சந்தேகப்பட வேண்டும்.
* சக்கரம் சுற்றவே இல்லை என்றால், இணைப்பு அறுந்துபோகவில்லை. பாரம் ஏறும்போது மட்டும் வழுக்குகிறதா, லிவர் தானாகக் கழன்றுகொள்கிறதா, முன் டயர் தேய்ந்திருக்கிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும்.

லிவர் இல்லாமல் பட்டனில் ஃபோர் வீல் போடும் மாடல்களில், இன்ஜின் நின்றிருக்கும்போது செய்யும் இந்தச் சோதனை சரியான பதிலைத் தராமல் போகலாம். அவற்றில் முதலில் ஃபியூஸையும் வயர் இணைப்பையும் பார்த்துவிட்டு, மெக்கானிக்கைக் கேட்பதே நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத புது வண்டியையும் நாமே கழற்றக் கூடாது. கழற்றினால் உத்தரவாதத்தை இழக்க நேரலாம்.

உதிரி பாகம் வாங்கும்போது

பழைய ஸ்லீவையும் ஷாஃப்ட்டையும் துடைத்து எடுத்துக்கொண்டு, வண்டியின் மாடல், சேஸிஸ் நம்பரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனார் விவசாயி. ஒரே மாடலிலேயே பல்லின் எண்ணிக்கை மாறி வரலாம் என்பதால், கடையிலேயே பல்லை எண்ணி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினார். மறுநாள் பல்லில் கிரீஸ் தடவி ஸ்லீவை ஏற்றி, சர்க்லிப் அதன் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கவரைத் திரும்ப மாட்டினார்கள். சுற்றும் ஷாஃப்ட்டில் வேட்டி, கயிறு, வைக்கோல் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கவர் இல்லாமல் ஓட்டவே கூடாது.

தேய்ந்தது ஏன்?

பாகத்தை மாற்றியதோடு பெரியவர் விடவில்லை. "இது ஏன் தேஞ்சுது? அதைச் சொல்லு" என்றார். விவசாயிக்குப் பதில் தெரியவில்லை. வாடகை உழவுக்கு ஊர் ஊராகப் போகும்போது லிவரை எடுப்பாயா என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தார் ரோட்டில் 4 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் தூரத்தை ஃபோர் வீலிலேயே ஓட்டியிருக்கிறார்.

முன் சக்கரம் சிறியது, பின் சக்கரம் பெரியது. ஃபோர் வீல் போட்டதும் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஒரு துளி வேகமாக ஓடுகிற மாதிரிதான் கியரை அமைத்திருப்பார்கள். அப்போதுதான் முன்னால் இழுக்கும். சேற்றிலும் புழுதியிலும் அந்த வித்தியாசம் வழுக்கலில் கரைந்துவிடும். தார் ரோட்டில் டயர் வழுக்காது. முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே போகும். அந்த முறுக்கு கப்ளிங்கிலும் பல் சக்கரத்திலும் டயரிலும்தான் இறங்கும். ரோட்டில் ஏறியதும் லிவரை எடுத்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

முன் சக்கரம் எவ்வளவு கூடுதலாக ஓடுகிறது என்பதையும் சாக்பீஸாலேயே பார்க்கலாம். கருவி எதுவும் மாட்டாமல், பொலபொலப்பான சமநிலத்தில், முன் டயரிலும் பின் டயரிலும் ஒரு கோடு போட்டு நேராக ஓட்டுங்கள். லிவர் போடாமல், பின் சக்கரம் 10 சுற்று சுற்றும்போது முன் சக்கரம் எத்தனை சுற்று என்று ஒருவர் கூடவே நடந்து எண்ண வேண்டும். பிறகு லிவர் போட்டு அதே மாதிரி எண்ண வேண்டும். போடாதபோது 16, போட்டபோது 16½ என்றால் சுமார் 3 சதவிகிதம் கூடுதல். பொதுவாக இது 1 முதல் 5 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். முன் டயர் தேயத் தேய இந்தக் கூடுதல் குறையும். ஒரு கட்டத்தில் முன் சக்கரம் இழுப்பதற்குப் பதிலாகப் பிடித்து நிறுத்தும். அவர்கள் வண்டியில் 16¼-ம் 16½-ம் வந்தது. ஒன்றரை சதவிகிதம். ஓட்டலாம், ஆனால் ஓரத்தில் நிற்கிறது. அடுத்த முறை டயர் மாற்றும்போது, கையேட்டில் இருக்கும் அதே அளவைத்தான் வாங்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். கிடைத்த அளவு டயரை மாட்டிக்கொண்டு ஃபோர் வீலில் ஓட்டினால், கியர்தான் அதற்கு விலை கொடுக்கும்.

வாசல் கறை சொன்ன சேதி

மனைவி சொன்ன எண்ணெய்க் கறையைப் பெரியவர் மறக்கவில்லை. ராத்திரி முழுக்க அசையாமல் நின்ற வண்டியில், காலையில் இடது ஹப்பின் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தச் சொன்னார். முதலில் வந்தது தண்ணீர். பிறகு, பால் கலந்த காபி மாதிரி வெளுத்த ஆயில். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம் என்பதால், அடியில் தங்கியது முதலில் வெளியே வரும்.

ஆக்சிலின் மேல் காற்றுப் போக்கி ஒன்று இருக்கும். அதில் சேறு காய்ந்து அடைத்திருந்தது. ஓடும்போது ஆக்சில் சூடாகி உள்ளே காற்று விரியும். வெளியேற வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளும். அந்தச் சூட்டோடு வண்டி வயல் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும். சேற்றுழவு வண்டியில் இந்தச் சின்ன மூடியைச் சுத்தமாக வைத்திருப்பது பெரிய செலவைத் தடுக்கும்.

கப்ளிங்கை மாற்றிய தைரியத்தில், "ஹப்பையும் நானே திறந்து சீலை மாத்திடுறேன் சித்தப்பா" என்றார் விவசாயி. பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அதுக்குள்ள ஷிம் இருக்கு, பேரிங் இறுக்கம் இருக்கு. கண்ணால பார்த்துச் சரி பண்ற வேலை இல்ல. ஒரு ஷிம் கூடக்குறைய வெச்சா, இல்லாத கிரவுன் பினியன் செலவை நீயே இழுத்துவிட்டுக்குவ." பழைய ஆயிலை முழுக்க வடித்து, கையேட்டில் சொன்ன ரக ஆயிலை ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினார்கள். சேற்றுழவு முடியும்வரை மூன்று நாளைக்கு ஒரு முறை அந்த ஆயிலைப் பார்ப்பது, முடிந்ததும் ஒர்க்‌ஷாப்பில் சீல் மாற்றுவது என்று முடிவானது.

வரவும் செலவும்

கப்ளிங் ஸ்லீவ், ஷாஃப்ட், சர்க்லிப், கிரீஸ், ஆயில் எல்லாம் சேர்த்து 8,400 ரூபாய் ஆனது. நடவு முடிந்த பிறகு ஒர்க்‌ஷாப்பில் இடது ஹப்பைத் திறந்தபோது, சீலோடு ஒரு பேரிங்கும் துருப்பிடித்திருந்தது. அதற்குக் கூலியோடு 6,800 ரூபாய். 'இடது ஹப் சீல் மட்டும், வேறு எதையும் என்னைக் கேட்காமல் பிரிக்க வேண்டாம், கழற்றிய பழைய பாகம் என் கைக்கு வர வேண்டும்' என்று சொல்லித்தான் வண்டியை விட்டார். மொத்தம் 15,200 ரூபாய். மகளின் கல்லூரிப் பணம் அந்தந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது.

நஷ்டம் இல்லாமலும் இல்லை. வண்டி நான்கு நாள் நின்றது. ஒப்புக்கொண்ட வாடகை உழவில் ஒரு பகுதி வேறு வண்டிக்குப் போனது. சொந்த வயலில் 2 ஏக்கருக்கு வெளியாள் வண்டியை வைத்து உழுதுதான் நாற்றைக் காப்பாற்றினார்கள். இப்படி வண்டி நிற்கும் நேரத்தில், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யும் வசதியையும் பார்க்கலாம். சேற்றுழவு சமயத்தில் கேட்பவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பதால், முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

நம் கை வேலை எது, ஒர்க்‌ஷாப் வேலை எது?

நாமே செய்யக்கூடியவை: சாக்பீஸ் சோதனை, லிவர் ராடு, கேபிள், பின் சரிபார்த்தல், ஷாஃப்ட் கவர் கழற்றி மாட்டுதல், கப்ளிங், சர்க்லிப் மாற்றுதல், ஆக்சில், ஹப் ஆயிலைப் பார்த்து மாற்றுதல், காற்றுப் போக்கியைச் சுத்தம் செய்தல், டயர் காற்றழுத்தம் பார்த்தல்.

தெரிந்த மெக்கானிக்கிடம் விட வேண்டியவை: கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல், ஹப் பேரிங், டிராப் பாக்ஸின் உள்வேலை. ஷிம், பேரிங் இறுக்கம் என்று அளவு பார்த்துச் செய்யும் எதுவும் இதில் சேரும்.

அடுத்த முறை தண்ணீர் திறப்பதற்கு முன், வண்டி வீட்டில் சும்மா நிற்கும் ஒரு காலைப் பொழுதில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டு ஹப், நடு ஆக்சில் ஆகிய மூன்று இடத்திலும் வடிகால் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பார்த்த தேதியையும் ஆயில் மாற்றிய தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாசல் கூட்டுகிறவர்களிடமும், வண்டிக்குக் கீழே கறை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.